வெயிலுக்கு வேலை கொடுத்த ஊர்

சாமுண்டி மலைப் படிகளில் நந்திக்குச் சற்று மேலே நின்று மைசூரைப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அரண்மனையை. அடுத்தது லலித மகாலின் வெள்ளைக் கும்மட்டம். இரண்டும் கண்ணில் பட்ட பிறகுதான் மூன்றாவதாக ஒன்று தெரியவரும். மொட்டை மாடிகளில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாய்த்து நிறுத்திய கறுப்புத் தட்டுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் படுக்கவைத்த ஓர் உருளை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் முந்நூறைத் தாண்டுவதற்குள் கண் வலிக்கும். தட்டுகள் எல்லாம் தெற்கு நோக்கி வைக்கப்பட்டவை. ஊரோ மலைக்கு வடமேற்கில் பரந்து கிடக்கிறது. ஆகவே ஊரே அம்மன் பக்கம் முகம் திருப்பிக் காத்திருப்பது போல் இருக்கும். காத்திருப்பது வெந்நீருக்காக.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் டிசம்பர் காலையில் குழாயைத் திறந்ததும் இந்த உயரத்தை உடம்பால் தெரிந்துகொள்வார்கள். வெந்நீர் இல்லாமல் இங்கே குளியல் இல்லை. முன்பெல்லாம் குளியலறையின் மூலையில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செப்பு ஹண்டே இருக்கும். தென்னமட்டை, சிரட்டை, மரத்தூள் எதையும் அது வேண்டாம் என்று சொல்லாது. தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு அந்த ஹண்டேயைப் புளி போட்டுத் துலக்கி, கோலமிட்டு, கொடி சுற்றித் தண்ணீர் நிரப்புவார்கள். அதற்கு ‘நீரு தும்புவ ஹப்பா’ என்றே பெயர்: தண்ணீர் நிரப்பும் பண்டிகை. விடியுமுன் எண்ணெய்க் குளியல். இப்போது பல வீடுகளில் ஹண்டே வரவேற்பறைக்கு இடம் மாறி, மணி பிளாண்ட் வளர்க்கிறது. பண்டிகையன்று கோலம் போடுவது எதற்கு என்று கேட்டால், பிளாஸ்டிக் வாளியைக் காட்டுகிறார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த ஊர் சிறு சிறு பரிசுகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கன்னடத்தில் வெயில் ‘பிசிலு’. வெந்நீர் ‘பிசி நீரு’. தமிழில் வெயில், வெந்நீர். இரண்டு மொழியிலும் இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. தமிழின் வகரம் கன்னடத்தில் பகரமாவது பழைய கதை. வெயிலையும் வெந்நீரையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக வைத்த மொழிகள், நடுவில் மின்சாரம் என்ற மூன்றாவது ஆளை அழைத்துவந்தது மிகச் சமீபத்தில்தான். அந்த மூன்றாவது ஆள் மைசூருக்குச் சீக்கிரமே வந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 1905இல் பெங்களூருக்கு வந்தது. 1908இல் மைசூருக்கு. அப்படிப்பட்ட ஊர் நூறு ஆண்டு கழித்துக் குளியலறைக்கு மட்டும் மின்சாரம் வேண்டாம் என்று வெயிலிடம் திரும்பிப் போனதுதான் வேடிக்கை.

இங்கே இதற்குப் பெயர் வெறும் ‘சோலார்’. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நீலத் தகடு வேறு. இது வெயிலை வெப்பமாகவே வாங்கி வெப்பமாகவே கொடுப்பது. கண்ணாடிக்கு அடியில் கறுப்புப் பூச்சுள்ள செப்புத் தகடு, அதோடு ஒட்டிய செப்புக் குழாய்கள். சூடான தண்ணீர் லேசாகி மேலே உருளைக்கு ஏறும். குளிர்ந்தது கனமாகிக் கீழே இறங்கும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. உருளையைச் சுற்றி வெப்பம் வெளியேறாத கனமான உறை. மாலை நான்கு மணி வெயில் மறுநாள் காலை ஆறு மணி வரை அதற்குள் தூங்கும். 100 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் தட்டு போதும். குறைகளும் உண்டு. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் சில வருடங்களில் குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டும். ஜூலை மாத மேக மூட்டத்தில் தொட்டி வெதுவெதுப்போடு நின்றுவிடும். குழாயைத் திறந்ததும் முதல் ஒரு வாளி பச்சைத் தண்ணீர்தான் வரும். அதை வீணாக்காமல் துணி நனைக்க எடுத்து வைப்பது மைசூர் இல்லத்தரசிகளின் அன்றாடச் சடங்கு.

மக்கள் தாமாகவே இதற்கு மாறிவிடவில்லை. 2007இல் கர்நாடக அரசு, மிகச் சிறிய வீடுகள் நீங்கலாக, நகரப் பகுதியில் எழும் புதிய கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலனைக் கட்டாயமாக்கியது. மின் கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் கிடைத்துவந்தது. மத்திய அரசின் ‘சூரிய நகரங்கள்’ திட்டத்தில் மைசூரும் இடம்பெற்றது. இந்தியாவிலேயே இந்தக் கலன்கள் மிகுதியாக உள்ள மாநிலம் கர்நாடகம் என்றால் அதற்கு இந்தச் சட்டமும் குளிரும் சேர்ந்துதான் காரணம்.

இப்போது ஒரு கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு 120 யூனிட். கூரையில் தட்டு வைத்த குடும்பம் சத்தமில்லாமல் மிச்சப்படுத்துவது இவ்வளவு. 2023இல் தொடங்கிய ‘கிருஹ ஜோதி’ திட்டம் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்றது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்பது அந்த வீடு முந்தைய ஆண்டில் செலவழித்த சராசரியோடு 10 சதவிகிதம் கூட்டி முடிவு செய்யப்பட்டது. யோசித்துப் பாருங்கள். தினமும் மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சி 180 யூனிட் எரித்தவருக்கு 198 யூனிட் இலவசம். வெயிலில் காய்ச்சி 60 யூனிட்டில் காலம் தள்ளியவருக்கு 66. பழுதான தட்டை மாற்ற வேண்டிய நேரத்தில், இனி எதற்கு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு, 2024இல் வந்த பிரதமரின் ‘சூர்ய கர்’ திட்டம் மின்சாரத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. மாடியில் இருப்பது ஒரே இடம். பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பினால் அந்த இடத்திலும் பாதி நிழல்.

எங்கள் குவெம்புநகர் தெருவில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இந்தக் கலனை வெறும் வெந்நீர் சாதனமாகப் பார்ப்பதில்லை. அவருக்கு அது ஒரு கொள்கை. இரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். பிப்ரவரி மாதம். மகன் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கையில் தள்ளுமண்வெட்டியோடு காருக்கு வழிவிடும் பாதையில் பனியை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. நம் ஊர் சோலார் ஒன்றைக் கூரையில் வைத்து, பாதைக்கு அடியில் குழாய் பதித்து, வெந்நீரை ஓடவிட்டால் பனி தானே கரையாதா? திரும்பி வந்ததும் காகிதமும் பென்சிலுமாக என்னிடம் வந்தார். “நீங்க எழுதறவங்க சார், சரியா இருக்கான்னு பாருங்க” என்றார். கணக்கில் என் மதிப்பெண் அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு மொழிச் சங்கடம். தமிழில் புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனி, மிச்சிகனில் மண்வெட்டியால் அள்ளுவதும் பனி. மைசூரில் 1929இல் பிறந்த ஏ.கே. ராமானுஜன் சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். வாழ்க்கையின் பிற்பாதியைச் சிகாகோவில் கழித்தார். சன்னலுக்கு வெளியே முழங்காலளவு பனி கிடக்க, உள்ளே முன்பனிக்காலத்தை மொழிபெயர்ப்பது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இனி இந்தக் கட்டுரையில் பனி என்றால் அள்ளுகிற பனிதான்.

பொறியாளரின் கணக்கு இதுதான். ஒரு கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக்க, வெப்பநிலை ஒரு டிகிரி கூட ஏறாமலே, 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் காய்ச்சப் போதும். மைசூரில் நான்கு பேர் குளிக்கும் 100 லிட்டர் வெந்நீரைக் காய்ச்சிய வெப்பம் மொத்தமாக 44 கிலோ பனியைத்தான் கரைக்கும். மகன் வீட்டுப் பாதை 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஆக 720 கிலோ. ஒரு நாள் பனிக்குப் பதினாறு வீட்டு வெந்நீர்! அதுவும் மைசூர் வெயிலில். மிச்சிகனில் டிசம்பர், ஜனவரி வெயில் இதில் மூன்றில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம். பனி கொட்டுகிற நாளில் சூரியனே தெரியாது. குழாயில் வெறும் தண்ணீர் விட்டால் அதுவும் உறைந்து குழாயையே பிளந்துவிடும்.

அப்படியானால் இது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு சுலபமாக இல்லை. சுவிட்சர்லாந்தில் துன் ஏரிக்கரையில் டேர்லிகன் என்ற இடத்தில், நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் சாலைப் பரப்புக்குள் 1994இல் குழாய்களைப் பதித்தார்கள். கோடையில் வெயில்பட்டுக் கொதிக்கும் சாலையின் வெப்பத்தை அந்தக் குழாய்கள் உறிஞ்சி, பக்கத்துப் பாறையில் 65 மீட்டர் ஆழத்துக்குத் துளைத்த துளைகளில் சேமிக்கும். குளிர்காலத்தில் அதே வெப்பம் திரும்பி வந்து பாலத்தில் உறைபனி பிடிக்காமல் காக்கும். கோடையைப் பாறையில் ஊறுகாய் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாலத்திலும் நோக்கம் குவிந்த பனியைக் கரைப்பதல்ல, சாலை உறையாமல் பார்த்துக்கொள்வது. ஜப்பானில் நினோஹே நகரில் 1995இல் இதே தத்துவத்தில் ஒரு சாலை வந்தது. மிச்சிகனிலேயே ஹாலந்து என்ற ஊரில் 1988 முதல் கடைத்தெரு நடைபாதைகளுக்கு அடியில் வெதுவெதுப்பான நீர் ஓடுகிறது. அது மின் நிலையத்தின் உபரி வெப்பம்; வெயில் அல்ல. மூன்றுமே அரசோ நகராட்சியோ முதல் போட்டுச் செய்தவை. ஒரு மகன், ஒரு பாதை, ஒரு கூரை என்ற அளவுக்கு இவை இறங்கி வராது.

இதற்கு மலிவான விடை மைசூர் மாவட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மைசூரிலிருந்து ஹுன்சூர், பெரியபட்ணா வழியாக மடிக்கேரி சாலையில் இரண்டு மணி நேரம் போனால் பைலகுப்பே. 1961இல் திபெத்திய அகதிகளுக்காகச் சுமார் 3,000 ஏக்கரில் உருவான குடியிருப்பு. பனி மலையிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது யானைக் காடும் செம்மண்ணும் தென்மேற்குப் பருவமழையும். காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்டார்கள். இன்று சுற்றுலாப் பேருந்துகள் நம்ட்ரோலிங் மடத்தின் பொற்கோயிலில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு குடகுக்குப் போய்விடும். சற்றுத் தள்ளி இருக்கும் சேரா மடத்துப் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே படிக்கும் துறவிகளில் லடாக், ஸ்பிதி, கின்னௌர் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் உண்டு.

தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த துறவிக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் லடாக்கின் சன்ஸ்கர் பள்ளத்தாக்கு. இந்தியும் கொஞ்சம் கன்னடமும் கலந்து பேசினார். பொறியாளரின் யோசனையைச் சொன்னேன். வெந்நீர் எதற்கு, மண் போதுமே என்றார். அவர் ஊரில் விவசாயத்துக்குக் கிடைப்பது ஆண்டில் நான்கு மாதம்தான். பனி உருகும் வரை காத்திருந்தால் பார்லி விளையாது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே காய்ந்த மண்ணைச் சேர்த்து வீட்டுக் கீழ்த்தளத்தில் வைப்பார்கள். வசந்தத்தில் கூடைகளில் சுமந்துபோய் வயலில் கிடக்கும் பனியின் மேல் மெல்லிசாகத் தூவுவார்கள். சிறுவனாக இருந்தபோது அவரும் தூவியிருக்கிறார். மண் பட்ட இடம் முதலில் குழியும், பிறகு பொத்தல் விழும், பக்கத்து வயலுக்குப் பல நாள் முன்பே தரை தெரியும். லாகுல் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு.

மேசையில் சிந்திய தேநீரை விரலால் வழித்துக்கொண்டே அவர் சொன்னதில் முழு இயற்பியலும் இருந்தது. புதுப் பனி தன் மேல் விழும் வெயிலில் எண்பது, தொண்ணூறு சதவிகிதத்தை அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சிகனில் மார்ச் மாதத்துத் தெளிந்த நாளில் அந்த 72 சதுர மீட்டர் பாதையில் விழும் வெயில், மேலே கிடக்கும் பனியைக் கரைக்கத் தேவையானதைப் போல நான்கு மடங்குக்குக் குறையாது. வெயில் அங்கேயே, இலவசமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வெண்மைதான் அதைத் திருப்பி அனுப்புகிறது. கூரையில் தட்டு வைத்து, குழாய் இழுத்து, பம்பு பூட்டித் திரும்ப அதே தரைக்குக் கொண்டுவருவதற்குப் பதில், தரையையே தட்டாக்கிவிட்டால் தீர்ந்தது. கறுப்புப் பூச்சு வேண்டும். அந்த வேலையைச் சாம்பலோ மண்ணோ செய்யும். சாமுண்டி மலையிலிருந்து பார்த்த அத்தனை தட்டுகளும் கறுப்பாக இருப்பதற்கும் சன்ஸ்கர்க் கூடை மண்ணுக்கும் காரணம் ஒன்றே. மெல்லிசாகத் தூவ வேண்டும் என்பதையும் துறவி மறக்காமல் சொன்னார். தடிமனாகப் போட்டால் மண்ணே போர்வையாகிப் பனியைப் பாதுகாக்கும்.

பொறியாளரிடம் வந்து சொன்னேன். யோசித்தார். “கரைஞ்ச பிறகு?” என்றார்.

நல்ல கேள்வி. கரைந்தது தண்ணீர். மேலே இளகியிருக்க, அடித்தரை இன்னும் உறைந்தே கிடக்கும். தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை. சரளைப் பாதைகள் களியாகி, கார்ச் சக்கரம் அச்சு வரை இறங்கும். குளிர்நாட்டுக் கிராமங்களில் இதற்கென்றே ஒரு பருவம் உண்டு. பனியை விட அதைத்தான் அதிகம் திட்டுவார்களாம். அந்தச் சேற்றையும் வெயிலே காயவைக்கட்டும் என்று விட்டால் அதுதான் ஊதாரித்தனம். ஒரு கிலோ பனியைக் கரைக்கும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கு வேண்டும், அதே ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க. கரைப்பதற்கு வெயிலை நம்பலாம். காயவைப்பதற்கு நம்பினால் மே மாதம் வரை காரைத் தள்ள வேண்டியதுதான்.

சேறு விஷயத்தில் மைசூர்க்காரர்கள் மிச்சிகனிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. 1890களின் பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு 1903இல் இங்கே நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் ஏற்பட்டது. நாட்டிலேயே இவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று. அது போட்ட பழைய தெருக்களில் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். கழிவும் மழைநீரும் அதன் வழியே. தெருவுக்கு முதலில் நீர் போக வழி, பிறகுதான் வீடு. இன்று ஊரின் விளிம்பில் முளைக்கும் தனியார் மனைப்பிரிவுகளில் வரிசை தலைகீழ். முதலில் வளைவு, அதன் மேல் ஏதாவதொரு என்கிளேவ் என்று பெயர், பிறகு வீடு, கடைசியில் எப்போதாவது கால்வாய். செப்டம்பர், அக்டோபர் மழையில் அந்தச் செம்மண் தெருக்களில் இறங்கிப் பாருங்கள். கன்னடத்தில் ‘கெசரு’ என்பார்கள். தமிழில் சேறு, சகதி, களி, தொளி என்று வகைப்படுத்திச் சொல்ல வசதி உண்டு. நடக்க வசதி இரண்டு மொழியிலும் இல்லை.

தெருக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? வீடு இடித்த செங்கல் தூளை ஒரு லாரி கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒரு மழைக்குத் தாங்கும். அடுத்த மழையில் அந்தத் தூளே சேறு. சிலர் ஆற்றுக் கூழாங்கல் போடுகிறார்கள். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. சக்கரம் ஏறியதும் விலகி மண்ணுக்குள் போய்விடும். உடைத்த ஜல்லிதான் வேலை செய்யும். அதன் கூர் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே முக்கால் ஜல்லி. செம்மண் ஜல்லிக்குள் ஏறாமல் இருக்க நடுவில் நீர் விடும் துணி விரிப்பும் இப்போது கிடைக்கிறது. இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. கட்டட வேலைக்கு வரும் தமிழ்க் கொத்தனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது அதைத்தான்: “வாட்டம் எந்தப் பக்கம் சார்?” பாதையின் நடு சற்று உயர்ந்து, இரு ஓரமும் ஒரு மீட்டருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். மழைத் தண்ணீருக்கும் உருகிய பனிக்கும் அது ஒரே மாதிரி வழிகாட்டும்.

பொறியாளர் மகனுக்கு இந்த இரண்டையும் எழுதி அனுப்பினார்: மார்ச்சில் மெல்லிசாகச் சாம்பல், கோடையில் ஜல்லியும் வாட்டமும். வெந்நீர்க் குழாய் யோசனையையும் முழுதாகக் கைவிடவில்லை. வாசற்படிக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். மகன் பதிலுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் சாம்பலைப் பார்த்துப் புகார் செய்வார் என்று எழுதினானாம்.

வாட்டத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஊருக்கு வடக்கே எனக்குத் தெரிந்த மனைப்பிரிவு ஒன்றில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, கல் பரப்பி, கச்சிதமாக வாட்டம் எடுத்துச் சாலை போட்டார்கள். முதல் மழையிலேயே தெரு பளிச்சென்று காய்ந்தது. தண்ணீர் முழுக்கக் கடைசி மனைக்குள் போய்க் குளமாக நின்றது. அந்த மனையின் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். இந்தத் தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அன்றைக்குள் கால்வாய்க்கு வழி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.